கண்ணுக்குள்ள ஒரு பாப்பா

வேம்பு: அவரு கண்ணுல அடிச்ச டார்ச்ச சட்டுனு அணைச்சிட்டீங்களே, சிஸ்டர்.

எழில்மொழி: காலையிலேர்ந்து நிக்கிறேன்க்கா… நன்னிலமே இன்னைக்கு இந்தக் கண் கேம்ப்புலதான் இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போங்க.

வேம்பு: ஏதோ எழுதினீங்களே?

எழில்மொழி: பியூப்பில் நார்மல்னு. பியூப்பில்னா கண்ணுல இருக்கிற பாப்பா.

வேம்பு: அத ஏன் பாப்பாங்கிறாங்க?

எழில்மொழி: அடுத்த ஆளு நிக்கிறாங்கக்கா…

வேம்பு: சொல்லுங்க. அவரு வெளியில பெஞ்சுலதான் இருக்காரு.

எழில்மொழி: கிட்டக்கப் போய்ப் பாத்தா அந்தக் கறுப்புல நம்ம உருவம் குட்டியாத் தெரியும்ல, பொம்மையாட்டம்? அதான். அந்தக் காலத்துல பாவைன்னாங்க. பாவைன்னாலும் பொம்மைதான். பியூப்பில்ங்கிறது லத்தீன்லேர்ந்து வந்ததாம். அங்கயும் சின்னப் பொண்ணு, பொம்மைன்னுதான் அர்த்தமாம்.

வேம்பு: அப்ப யாரு பாக்குறாங்களோ அவங்கதான தெரியணும்?

எழில்மொழி: ஆமா.

வேம்பு: நீங்க தெரிஞ்சீங்களா?

எழில்மொழி: …தெரியாம?

வேம்பு: நான் தெரியல சிஸ்டர். மழையில முடிகொண்டான் ஆத்துக் கரை உடைஞ்சப்ப இவரு தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போயி, மூங்கில் கொத்தப் புடிச்சுத் தப்பிச்சு வந்தாரு. மொகத்தத் தொடச்சு விடறப்ப பாத்தேன். அன்னையிலேர்ந்து இப்படித்தான்.

எழில்மொழி: அவருகிட்ட சொன்னீங்களா?

வேம்பு: எப்படிச் சொல்றது… அவரு வாயத் தொறந்து பேசறதே இல்ல.

எழில்மொழி: வெளிச்சம் சரியா விழலன்னா உருவம் கோணலாத் தெரியும்க்கா.

வேம்பு: கோணலாத் தெரிஞ்சா கவுன் போட்டிருக்குமா?

எழில்மொழி: அடுத்த ஆளக் கூப்பிடணும்க்கா…

வேம்பு: மறைக்காதீங்க.

எழில்மொழி: பச்சைக் கவுன்… தலையெல்லாம் நனைஞ்சு. நான் இந்தப் பக்கம் திரும்பினேன், அது திரும்பல. என்னயவே பாத்துச்சு. பயந்துட்டேன்க்கா, அதான் நார்மல்னு எழுதிட்டேன். டாக்டர்கிட்ட காட்டுவோம். சொட்டு மருந்து ஊத்தி உள்ள பாப்பாரு…

வேம்பு: மருந்து வேணாம் சிஸ்டர். வைத்தியத்துக்கு நான் வரல. எனக்கு மட்டும்தான் தெரியுதான்னு பாக்கத்தான் இவர இழுத்துட்டு வந்தேன். எங்க பொண்ணும் அன்னைக்கு இவருகூடதான் வந்தா… கையிலேர்ந்து நழுவிட்டா. தேடாத எடமில்ல, இன்னும் கெடைக்கல. என்னயப் பாத்தா சிரிக்கிறா, சிஸ்டர். உங்களப் பாத்தும் சிரிச்சாளா?