ஆணியில் தொங்கிய சாவி

மலைக்கோட்டையின் மடியிலே, மாலை வெயில் மங்கும் வேளையிலே, வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து கூடியிருக்கும் வீதியின் பெருமக்களே! தலைமையேற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய டோமினிக் அவர்களே! ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து வந்திருக்கும் மருத்துவர் ரங்கநாயகி அம்மையார் அவர்களே! வளையல் கடை கியாசுதீன் பாய் அவர்களே! ஊருக்கெல்லாம் புடவை விரித்துக் காட்டி, நின்று நின்று கால் வீங்கி, இன்றைக்கு இங்கே நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே! கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் காட்டூர் பேட்ரிசியாவின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

புள்ளியியல் என்றதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். உட்காருங்கள் அண்ணா! நான் கணக்குப் பாடம் எடுக்க வரவில்லை. ஒரு கதவின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒருநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "பேட்ரிசியா, நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு என்கிட்ட வர்றவாள்ல பாதிப் பேர் கடைத்தெருவுல நிக்கறவா. என்னன்னு கொஞ்சம் பாருங்கோ" என்றார். கேட்டதும் ஊர் என்ன சொன்னது? தண்ணீர் சரியில்லை என்றது. சாப்பாடு சரியில்லை என்றது. இந்தப் பெண்களுக்குச் சுத்தம் தெரியாது என்றது. சுத்தம் தெரியாதாம்! விடியற்காலையில் எழுந்து, வீட்டைத் துடைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குச் சுத்தம் தெரியாதாம்! எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நானும் என் மாணவிகளும் சந்து சந்தாகப் போனோம். வயது கேட்டோம், சம்பளம் கேட்டோம், எந்தத் தண்ணீர் என்று கேட்டோம். கடையில் கழிப்பறை உண்டா என்றும் கேட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், கழிப்பறை உள்ள கடையிலும் நோய், இல்லாத கடையிலும் அதே அளவு நோய்! ஒரேயொரு சந்தில் மட்டும் நோய் மிகக் குறைவு. அதே தண்ணீர், அதே சம்பளம், அதே நிற்கிற வேலை. அந்தச் சந்தின் துணிக்கடைகளில் கழிப்பறையே கிடையாது! அப்படியானால் அவர்களைக் காத்தது எது?

நேரில் போய் நின்று பார்த்தேன். துணிக்கடையிலிருந்து ஒரு பெண் வந்தார். பாயின் வளையல் கடை வாசலில், ஓர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். கடைக்குப் பின்னால், பாய் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு நடந்தார். பாய் தலைகூட நிமிரவில்லை! எதற்கு வாசலில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுக்குப் போயி ஒரு பொம்பளப்புள்ள எங்கிட்ட வந்து கேட்டு நிக்கணுமாம்மா? எடுத்துட்டுப் போவட்டும், வெச்சிட்டுப் போவட்டும்" என்றார்.

அங்கேதான் எங்கள் தவறு புரிந்தது. கழிப்பறை உண்டா என்று கேட்டோமே தவிர, போவதற்கு யாரிடமாவது கேட்க வேண்டுமா என்று நாங்கள் கேட்கவே இல்லை!

வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வேறொரு துணிக்கடைக்கு வேலைக்கு வருகிற ஜோதியிடம் அதைக் கேட்டோம். அவர் கடையில் கழிப்பறை உண்டு. சாவி சூப்பர்வைசரின் மேசை டிராயரில். "அத்தன பேரு எதிர்ல சாவி குடுங்க சார்னு எப்படிங்க கேக்கறது? 'இப்பதானே போனே'ங்கிறாரு. அதனால வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லைங்க" என்றார். தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே நின்றால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் காய்ச்சலோடு மயங்கி விழுந்தவர் இவர். இன்னொரு முறை இந்த நோய் வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வேலையை விடுவதா, உடம்பை விடுவதா? அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த ஒரு கேள்வியைச் சேர்த்ததும் எண்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. கேட்டுப் போக வேண்டிய பெண்களிடம் நோய் அதிகம். கேட்காமல் போகிறவர்களிடம் குறைவு. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று வகுப்பில் சொல்கிறவள் நான். அதனால் சில கடைக்காரர்களிடம் கெஞ்சி, சாவியை வெளியே மாட்ட வைத்தோம். பொங்கலுக்குள் அந்தக் கடைகளில் நோய் குறைந்தது! டிராயரில் சாவி இருந்த கடைகளில் குறையவில்லை. சாவி வெளியே வந்த கடைகளில் ஜோதியின் கடையும் ஒன்று. அவர் வேலையை விடவில்லை. தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர்தான்!

வருமானம் குறைந்தால் நோய் வரும், படிப்பு குறைந்தால் நோய் வரும் என்று உலகம் எண்ணி வைத்திருக்கிறது. கேட்டு நிற்கிற கூச்சத்தாலும் நோய் வரும் என்று எண்ணிக் காட்டியது எது? எங்கள் திருச்சி! எங்கள் கடைத்தெரு! எங்கள் பெண்கள்! இதைவிடப் பெருமை எனக்கு வேறென்ன வேண்டும்?

இன்றைக்குச் சங்கமே இந்தப் பெண்களுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் கட்டித் திறக்கிறது. தலைவரே, கைகூப்புகிறேன். ஆனால் பூமாலைக்குப் பக்கத்தில் மேசைமேல் பளபளக்கிறதே ஒரு பூட்டு, அது எதற்கு? சாவி மாடியில் இருக்கும் சங்க அலுவலகத்தில் கிடைக்குமாமே! மறுபடியும் மாடியேறி யாரிடம் கேட்பது?

தலைவர் சொல்கிறார்: "தெறந்து போட்டா கொழாயக் கழட்டிட்டுப் போயிடுவாங்கம்மா." பாய், இத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டில் என்ன போனது? "ஒரு பக்கெட்டு போச்சும்மா!" ஒரே ஒரு பக்கெட்! தலைவரே, அடுத்த பக்கெட் என் செலவு!

இருங்கள், ஜோதி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா, சத்தமாகச் சொல்லுங்கள். "சார், எடத்த நாங்களே பாத்துக்கிறோம். பூட்டு மட்டும் வேணாங்க சார்."

கேட்டீர்களா? ஒரு மனிதரிடம் சாவி கேட்கக் கூசிய பெண், ஊர்கூடிய சபையிலே கேட்டுவிட்டார்! இனி எந்தப் பெண்ணும் கேட்கக் கூடாது என்பதற்காகக் கேட்டுவிட்டார்! இதோ, தலைவர் எழுந்து வருகிறார். பூட்டை என் கையில் கொடுக்கிறார். உள்தாழ்ப்பாள் போதும் என்கிறார்! தலைவரே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்!

ஜோதி, மேடைக்கு வாருங்கள். எனக்கென்று வைத்த தண்ணீர் இது. எல்லோரும் பார்க்கக் குடியுங்கள். மிச்சம் வைக்காதீர்கள்!

குடித்துவிட்டார். இதற்குமேல் நான் பேச ஒன்றுமில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், எண்ணிக்கைக்குத் தங்களைத் தந்த தங்கைகளுக்கும் நெஞ்சார நன்றி. கதவு திறந்திருக்கிறது, வாருங்கள் போவோம். வணக்கம்!