கால்சியத்தின்மேல் நான் தொடுத்த போர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என் இதயத்தின் ஏற்ற இறக்கத்தை என்னைவிட நன்றாக அறிந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே! மாத்திரைப் பையை மடியில் வைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! கணவன்மார்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே! துடிக்கும் நெஞ்சங்களே, தவறித் துடிக்கும் நெஞ்சங்களே, அனைவருக்கும் வணக்கம்!

நாற்பது ஆண்டுகள் லிஃப்ட் இயக்கியவன் நான். ஒருவரையாவது நடுவழியில் நிறுத்தியிருப்பேனா? ஆனால் என் நெஞ்சு நின்றது, ஓடியது, ஒரு துடிப்பைத் தாண்டிக் குதித்தது! டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதய செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி மோட்டார் அறைங்க இருக்கு. அதுல கால்சியம் அளவு மீறினா தாளம் தப்பும்." மாத்திரையும் கொடுத்தார்.

கால்சியம்! அந்த ஒரு சொல்லைப் பிடித்தேன். விட்டேனா?

பாலை நிறுத்தினேன். தயிரைத் தடுத்தேன். எலும்புக்காக என் மனைவி விழுங்கும் கால்சியம் மாத்திரையைக் குப்பையில் கொட்டினேன். பின்வரிசை நண்பரே, சிரிப்பை மிச்சம் வையுங்கள், இன்னும் இருக்கிறது! சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவரையும் வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

"ஏங்க, சுண்ணாம்பை நீங்க திங்கவா போறீங்க?" என்றாள் மனைவி.

"வாசமே போதும், உள்ள போயிடும்!"

"நான் சொல்றது மட்டும் உள்ள போகாது."

என் மாத்திரையோடு வந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதிலும் கால்சியம் என்ற சொல்! பகைவன் என் பெட்டிக்குள்ளேயே பதுங்கியிருக்கிறானா? அதையும் எறிந்தேன்.

பத்தாம் நாள் மாடிப்படியில் நெஞ்சு படபடத்தது, கண் இருண்டது, கால் மடங்கியது. மூட்டு வலிக்காரி என் மனைவி என்னைத் தோளில் சாய்த்து இரண்டு மாடி இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டு வந்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"போட்டாரும்மா," என்றாள் அவள், "குப்பையில."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயா, லிஃப்ட்ல ஆள் ஏறினா மோட்டார் என்ன செய்யும்?"

"பாரத்துக்குத் தக்கபடி இழுக்கும்."

"அதேதான். ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் உள்ள வரும், வெளிய போகும். மைட்டோகாண்ட்ரியா அதுல துளி எடுத்துக்கிட்டு, எவ்வளவு சக்தி வேணும்னு தெரிஞ்சுக்கும். கூட்டம் நெரிஞ்சா?"

"மோட்டார் திணறும்."

"சக்தி குறையும், கால்சியம் வேளை கெட்ட வேளையில சிந்தும், துடிப்பும் அப்படியே கெடும். நீங்க குடிக்கிற பால் நேரா அங்க போறதில்லை. ரத்தத்துல இருக்கிற அளவை உடம்பே பார்த்துக்கும். செல்லோட வாசல்ல நெரிசலைக் குறைக்கிற காவல்காரன்தான் நீங்க எறிஞ்ச மாத்திரை!"

"அப்ப காவல்காரனையா துரத்திட்டேன்?"

"என் எலும்புக்கு வேணுங்கிற மாத்திரையையும் சேர்த்துத் துரத்தினாரு," என்றாள் மனைவி. சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உயிரோடு மட்டுமா விளையாடினேன்?

அவையோரே! கால்சியம் பகையா? இல்லை! அது வந்தால்தான் துடிப்பு, போனால்தான் ஓய்வு. பகை எது? பாதி கேட்டுப் பண்டிதனாவது! கேளுங்கள்! புரியவில்லையா, மறுபடி கேளுங்கள்! மாத்திரையை நிறுத்தும் முன் மருத்துவரைக் கேளுங்கள்! மனைவி பேசினால் கடைசிச் சொல் வரை...

என்ன? மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வருகிறதே!

"மூச்சு வாங்குதுங்க. போதும், வந்து உக்காருங்க!"

முழுவதும் கேட்டுவிட்டேன், அவையோரே. உட்காரப் போகிறேன். பொறுத்துக் கேட்ட உங்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் நன்றி, வணக்கம்!