மாசாமாசம் ஒரு மன்னிப்பு

— ஆக, தெரிஞ்சோ தெரியாமலோ நான் எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோ சுகு. அவ்ளோதாம்பா. வரட்டா?

— உக்காருண்ணா. எந்தத் தப்பு?

— இன்னாடா புதுசா கேக்கற? மாசாமாசம் இதேதான சொல்றேன். நீ "சரிண்ணா"ம்ப, நான் மாடிக்குப் போயிடுவேன். நாளைக்கு முதல் ஞாயிறு, சர்ச்ல திருவிருந்து கீது. கீழ் வூட்டுத் தம்பிகிட்ட மனஸ்தாபத்த வெச்சிகினு நான் எப்டிப் போய் முட்டி போட்றது?

— அதான் கேக்கறேன். ஆறு வருஷமா சரி, சரின்னு சொல்லியாச்சு. இந்த மாசம் எதுக்குன்னு தெரிஞ்சா சரின்னு சொல்றேன்.

— பேஜார் பண்றியேடா. சரி, மோட்டார். போன செவ்வாக்கிழம தொட்டி ரொம்பறதுக்குள்ள நான்தான் ஆஃப் பண்ணேன். சாவித்ரி தலைல சோப்போட நின்னுகினு இருந்துச்சாம்.

— சரிண்ணா. மோட்டார் முடிஞ்சுது. அடுத்தது?

— அடுத்ததா? உன் பைக் சீட்டு. அத மாடிப்படில இடிச்சுக் கிழிச்சது நான்தான். பூனைன்னு சொல்லிட்டேன்.

— சரிண்ணா. பூனைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு. அடுத்தது?

— பீர்க்கன்கரணை சித்தி வூட்டுக் கல்யாணம். உனக்கும் சேத்துதான் பத்திரிகை குடுத்தாங்க. மறந்துட்டேன்னு சொன்னேன்ல, மறக்கல.

— ஏன் தரல?

— நீ வந்தா அப்பா பேச்சு வரும்.

— வந்தா என்ன?

— டீவிய கொஞ்சம் கம்மி பண்ணேன்.

— டீவி ஓடலண்ணா.

— சாவித்ரி உள்ள இருக்குதா?

— தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. சொல்லு.

— அப்பாவோட கடைசி நாளு. ஆஸ்பத்திரிலேர்ந்து உனக்கு மூணு வாட்டி போன் போட்டேன், நீ எடுக்கலன்னு அடக்கத்தன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல?

— சொன்ன. பாதிரி ஐயர்கிட்டயும் சொன்ன.

— ஒரு வாட்டி கூட போடலடா. என் போனைக் கைல வெச்சிகினு வெளி வராண்டாவுலயேதான் நின்னுகினு இருந்தேன்.

— ம்.

— எட்டு மாசம் அவரத் தூக்கி, கழுவி, சோறு ஊட்டினது நானு. நீ சாவித்ரியக் கட்டிகினு கோவிலம்பாக்கத்துல போய் உக்காந்துட்ட. கல்யாணத்துக்கு அவர் வரலன்னு இந்தப் பக்கமே திரும்பல. ஆனா அவர் கண்ணத் தொறந்தா "சுகு எங்க, சுகு எங்க"ன்னுதான். பக்கத்துல நின்னுகினு இருக்கற என் பேரு ஒரு வாட்டி வரல. எரிஞ்சிச்சுடா எனக்கு. கடைசில வந்து நின்னு நீ நல்ல புள்ளயா ஆயிடுவியேன்னுதான் போடல.

— ம்.

— இன்னாடா ம்முங்கற? கத்தணும்னா கத்து.

— கத்தறதுக்கு ஒண்ணும் இல்லண்ணா.

— ஒண்ணும் இல்லயா? அப்பா போனப்பறம் நீ இந்த வூட்டுக்குக் குடி வந்து ஆறு வருஷம். சொந்தக்காரன் ஒருத்தன் உங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல, பெத்தவர் சாகக் கிடக்கும்போது போன் எடுக்காதவன்னு. எல்லாம் நான் சொன்ன பொய். கோயில்ல திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போறாங்க, நீ மட்டும் கடைசி பெஞ்சுலயே குந்திகினு கீற. அது எம்மேல இருக்கற ஆத்திரம்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன், அது பொய்யின்னு.

— வேணாம்ணா.

— ஏன் வேணாம்? நீ அன்னைக்கே உன் போனை எடுத்து நாலு பேர்கிட்ட காட்டியிருக்கலாம். என் நம்பர்லேர்ந்து ஒரு கால் கூட வரலன்னு தெரிஞ்சிருக்கும். அசிங்கப்பட்டது நானா இருந்திருப்பேன். ஏண்டா காட்டல?

— காட்டியிருந்தா அப்பா நம்பரும் தெரிஞ்சிருக்கும்ணா. அந்தக் கடைசி நாள் அவரே தன் போன்லேர்ந்து நாலு தடவை கூப்பிட்டாரு. நாலு தடவையும் அடிச்சு நிக்கற வரைக்கும் கையில வெச்சுப் பாத்துகிட்டே இருந்தேன்.