ஏ பக்கம் காக்காவுக்கு

காலை ஏழு இருபதுக்கு மகளின் காய்ச்சல் கூடியது. கல்முனை ஆஸ்பத்திரியில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு, எங்கள் நம்பரைக் கூப்பிடும்வரை காத்திருந்தேன். பக்கத்து வாங்கில் நரைத்த சகோதரர் இருவர் உட்கார்ந்திருந்தனர். தம்பி ‘காக்கா’ என்று அழைத்த மூத்தவருக்கு அன்று குடலிறக்க ஆபரேஷன்.

“காக்கா, உள்ளுக்குப் போக முன்ன சொல்லிப்போடுங்க. ஏ பக்கத்த நான் கேக்கலாமா?”

“ஏலாது. பெருநாள் காசப் போட்டு ரெண்டு பேரும் வாங்கின முதல் பாட்டுக் கெசட். ஏ பக்கம் எனக்கு, பி பக்கம் உனக்கெண்டு உம்மாதானே பிரிச்சுத் தந்தா.”

“உங்கட பக்கம் ஓடக்குள்ள நான் மழையிலயும் வெளியில போய் நிண்டன்.”

“காதக் குடுத்திருப்பாய்.”

“அல்லாஹ் அறிய இல்ல. நீங்க மௌத்தாப் போனா அது ஆருக்கு?”

“புள்ளைகளுக்கு.”

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“சரி, கேளு. ஒருக்காத்தான்.”

தம்பி கண்ணைத் துடைத்தார். அப்போது மூத்தவரின் மனைவி பிளாஸ்கோடு வந்து சேர்ந்தார். தம்பி விஷயத்தைச் சொன்னார்.

“அந்தக் கெசட்டா? போன போகம் சவளக்கடை வயல்ல குருவி விரட்ட நாடாவ உருவிக் கட்டிப்போட்டன். காத்தடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்டாத்தான் பாடுது.”