முப்பத்திரெண்டாம் தேதி

சீவலப்பேரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவளுக்கு இளையவனாக ஒருத்தனும், மடியில் கம்ப்யூட்டரோடு இருந்தார்கள். "நான் போட்ட சட்டம் என்னையே உள்ள விட மாட்டேங்கு" என்று அவன் சொன்னதும் காது அங்கே போய்விட்டது.

"ஒருத்தர் புரோகிராம் எழுதினா இன்னொருத்தர் பார்த்து ஒத்துக்கிடணும்னு நீதானல போட்ட?"

"இப்ப அவசரம்க்கா. நம்ம புரோகிராமை யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடுதாவ. சேரன்மாதேவியில ஒரு ஆஸ்பத்திரி அதை வச்சுத்தான் மாத்திரை வாங்க வர வேண்டிய தேதியை நோயாளிக்கு அனுப்புது. நேத்து நான் மாத்தினதுல தேதி ஒரு நாள் தள்ளிப் போகுது. திருத்திட்டேன். நீ சரின்னு அமுக்கினா போதும்."

"நேத்தும் அவசரம்னுதான் சொன்ன. நான் பார்க்காமலே அமுக்கிட்டேன்."

அவன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். அவள் ஒவ்வொரு வரியாகப் பைய வாசித்தாள்.

"மாசக் கடைசியை டெஸ்ட் பண்ணினியா?"

"இல்ல."

"பண்ணு."

அவன் தட்டினான். திரையைப் பார்த்தான்.

"முப்பத்திரெண்டாம் தேதின்னு காட்டுதுக்கா."

அவள் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. நாம சொல்லுத வரைக்கும் தேதியைக் கையால எழுதிக் குடுக்கச் சொல்லு. ஏன்னு கேட்டா, நம்ம ரெண்டு பேரோட தப்புன்னு சொல்லு."