லிட்டருக்கு ஆறு

வண்டிய எடுத்துடறேன் தம்பி, எடுத்துடறேன். லோடு லாரி இப்பவே வந்துடுமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்குல்ல. ஏறி உள்ள உக்காருங்க, வெயில்ல ஏன் நின்னு பேசிக்கிட்டு. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், இது என்ன உங்க கடை மெத்தையா. அந்தக் கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, வண்டிக்குத் தகுந்த மாதிரி கதவும் கனம். ஆங், அப்படித்தான். ஏசி போதுமா?

என்ன கேட்டீங்க, மைலேஜா? அது சரி. இந்த வண்டியப் பாத்தா எல்லாரும் மொத கேக்குறது அதத்தான். ஓட்ட சௌகரியமா இருக்கான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானும் அப்படிக் கேக்குற ஆளுதான், அதனால உங்களத் தப்பு சொல்லல. பெட்ரோல் வண்டி தம்பி இது. டீசலா இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. பழைய வண்டி, பாதி விலைக்கு வருதுன்னு வாங்கிப் போட்டேன். ஏன் பாதி விலைக்குத் தள்ளி விடுறான்னு அப்ப யோசிக்கல. யானைய ஒருத்தன் சும்மாவே குடுத்தாலும் தீனி நாமதானே போடணும்.

அப்ப வீட்ல ஆளு ஜாஸ்தி. எங்கப்பா, எங்கம்மா, தங்கச்சி, எங்க பொண்ணு, நாங்க ரெண்டு பேரு. ஏழு சீட்டு இருந்தாத்தான் ஆச்சுன்னு நின்னேன். அப்புறம் பெருசுங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்தாங்க, தங்கச்சிக்கும் பொண்ணுக்கும் கல்யாணம் ஆச்சு. சீட்டு மட்டும் ஏழு அப்படியே இருந்துச்சு.

எவ்ளோ குடுக்கும்னா, அதுல ரெண்டு கணக்கு இருக்கு. நான் ஓட்டுனா ஒம்போது. என் சம்சாரம் ஓட்டுனா ஆறு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அதே வண்டி, அதே பெட்ரோல், அதே ரோடு. இந்தா, ஸ்டீரிங்குக்குப் பின்னாடி பச்சையா ஒரு நம்பர் நிக்குது பாருங்க. லிட்டருக்கு எவ்ளோ ஓடுச்சுன்னு வண்டியே சொல்லிடும். நாம ஏமாத்த முடியாது.

அவதான் தம்பி தெனம் ஓட்டுனா. ஆஸ்பத்திரில சிஸ்டரு. ஊருக்கு அந்தக் கோடியில ஆஸ்பத்திரி, பஸ்ஸுன்னா ரெண்டு மாறணும். எனக்குக் கம்பெனி நடக்குற தூரம். அதனால நீயே எடுத்துக்கிட்டுப் போன்னு குடுத்துட்டேன். நான் பம்பு கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்தவன். ஒரு நட்டு வெளிய போனாக்கூட எங்க போச்சு, எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். முப்பது வருசம் அப்படி இருந்துட்டு, வீட்டு வாசல்லயே லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் காணாமப் போச்சுன்னா எப்படித் தூக்கம் வரும், சொல்லுங்க.

பண்ணாததே இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா காலைல எந்திரிச்சு டயருக்குக் காத்துப் பாப்பேன். டயரு சூடாவுறதுக்கு முன்னாடி பாக்கணும், இல்லன்னா அளவு பொய் சொல்லும். ஏர் ஃபில்டரு மாத்துனேன், பிளக்கு மாத்துனேன், ஆயில்ல கொஞ்சம் தண்ணியா ஒரு ஆயிலு வருது, அதப் போட்டேன். மேல கேரியர் ஒண்ணு இருந்துச்சு, காத்த வாங்கி வண்டியப் பின்னால இழுக்கும்னு கழட்டிப் பரண்ல போட்டாச்சு. அப்புறம் கடைசி வரிசை சீட்டு. யாரு உக்காரப் போறாங்கன்னு அதையும் கழட்டி ஹால்ல வெச்சுட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு, பெல்ட்டோட. டிவி பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு.

அது மட்டும் இல்ல. ஸ்டெப்னி இருக்குல்ல, அது ஒரு ஆளு கனம். அதையும் எறக்கிட்டேன். டவுனுக்குள்ள ஓட்டுற வண்டிக்கு எதுக்கு ஸ்டெப்னி. ஒரு தடவ பஞ்சர் ஆயிடுச்சு. மழை வேற. வண்டிய ஓரமா விட்டுட்டு எப்படியோ வீடு வந்து சேந்தா. தலையத் துவட்டிக்கிட்டே, வண்டி பாலத்துக்கிட்ட நிக்குது, காலைல போய் எடுத்துக்கங்கன்னா. அவ்ளோதான். கத்துனாளா? இல்ல. கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவ கத்துற ஆளில்ல.

பின்னாடி டிக்கியில அவ சாமான் கொஞ்சம் இருக்கும். ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு, தண்ணி கேனு, ஒரு சின்னத் தலகாணி. தலகாணி எதுக்குன்னா, நாள் முழுக்க நிக்கிற வேலையாம், முதுகுக்கு வெச்சுக்குவாளாம். நான் எல்லாத்தையும் எடுத்து வீட்டுக்குள்ள வெச்சேன். தலகாணில என்னங்க பெரிய கனம் இருக்கப் போகுதுன்னு கேட்டா. கனம் இல்லதான், எனக்குத் தெரியாதா. ஆனா ஒண்ண விட்டா ஒம்போது வந்து சேரும். ஸ்டோர்ஸ்ல நான் பாக்காததா.

சரி, வண்டியில குத்தம் இல்ல, ஓட்டுறதுலதான் இருக்குன்னு முடிவு பண்ணி, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன். காலுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு முட்டை இருக்குன்னு நெனச்சுக்கோ. முட்டை உடையாம மிதிக்கணும். தூரத்துல சிகப்பு தெரியுதா, இங்கயே கால எடுத்துடு, வண்டி தானா உருண்டு போய் நிக்கட்டும். அவ்வளவும் கேட்டுக்குவா. நான் பக்கத்துல இருந்தா நல்லாவே ஓட்டுவா தம்பி. என்னைய விட நல்லா ஓட்டுவா. மறுநாள் தனியாப் போனா மறுபடி ஆறு.

தெனமும் கேப்பேன். கேட்டுத்தானே ஆகணும். சாயங்காலம் அவ கதவத் தொறந்து உள்ள வருவா, பையக் கீழ வெக்கிறதுக்கு முன்னாடி நான் கேப்பேன், இன்னிக்கு எவ்ளோன்னு. ஆறும்பா. ஆறேதானான்னு கேப்பேன். ஆறேதாங்கன்னு சொல்லிட்டுப் போய் மூஞ்சி கழுவுவா. ஃபிளாஸ்க்குல டீ போட்டு வெச்சிருப்பேன். இல்ல தம்பி, அதெல்லாம் நான் கரெக்டா போட்டு வெப்பேன். ஆனா அவ வர்றதுக்குள்ள அது ஆறிப்போய் இருக்கும். டூட்டி மாத்துறதுக்கு அடுத்த சிஸ்டரு லேட்டா வந்தா, அதான் நானும் லேட்டும்பா.

மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. அவருக்கு என்னப் பாத்தாலே அலுப்பு. கடைசியா ஒரு நாள் சொன்னாரு, அண்ணே, வண்டில ஒண்ணுமே இல்ல, இது நின்ன எடத்துலயே ஓடிக்கிட்டு இருக்குற வண்டி மாதிரி குடிக்குது, எங்கயாவது எஞ்சின ஆஃப் பண்ணாம நிறுத்துறாங்களான்னு. வீட்டுக்கு வந்து அவகிட்ட கேட்டேன். சிக்னல்ல நிக்கும்லன்னா. சிக்னல்ல ஆஃப் பண்ணிடுன்னு சொன்னேன். சரின்னா.

இப்பவா? இப்ப அவ இங்க இல்ல. பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. பத்து நாளுன்னு சொல்லிட்டுத்தான் போனா. அங்கயே ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்துட்டாளாம். மழைக்காலமும் போச்சு, வெயிலும் வந்துடுச்சு. பொண்ணு சொல்லுது, இருக்கட்டும்பா கொஞ்ச நாளுன்னு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அதான் எனக்குப் புரியல. ஒரு சண்டை இருந்தா சமாதானம்னு ஒண்ணு பேசலாம். கெளம்புற அன்னிக்கு சாவிய எடுத்து டேபிள் மேல வெச்சா. வெச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? இனிமே நீங்களே ஓட்டுங்க, நல்லா மைலேஜ் குடுக்கும்னா.

நான் என்ன நெனச்சேன்னா, என் டிரைவிங்க ஒத்துக்கிட்டாளாக்கும்னு. சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

அவ போன மறு வாரமே செக் பண்ணிப் பாத்தேன். ரிட்டயர்டு ஆளு, வேற என்ன வேலை. அவ போற நேரத்துக்குக் கெளம்பி, அவ போற ரோட்டுலயே ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போறது. வாட்ச்மேன் என்ன சார்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னு திரும்பிடறது. சாயங்காலம் மறுபடி போய், அவ வர்ற நேரத்துக்கு அங்கேருந்து வர்றது. அதே டிராபிக்கு, அதே சிக்னலு. ஒம்போது குடுத்துச்சு தம்பி. அன்னிக்கே அவளுக்குப் போன் பண்ணி ஒம்போதுன்னு சொன்னேன். அப்படியா, நல்லதுங்கன்னா. சாப்டீங்களான்னு கேட்டா. சாப்டேன்னேன். வேற என்ன பேசறதுன்னு தெரியல, வெச்சுட்டேன்.

அப்படி வந்துக்கிட்டு இருக்கும்போதுதான் ஒரு நாள் நீங்க. ஞாபகம் இருக்கா? இருக்காது, உங்களுக்கு அது பழக்கம். நான் இந்த முக்கு திரும்புறேன், நீங்க கடை வாசல்ல மெத்தை மேல உக்காந்திருந்தீங்க. வண்டியப் பாத்ததும் எந்திரிச்சீங்க. எந்திரிச்சு, இந்த எடத்துல கெடந்த ஸ்டூல எடுத்து உள்ள வெச்சுட்டு, வாங்கன்னு கையக் காட்டுனீங்க. உள்ள நான் உக்காந்திருக்கேன்னு நீங்க பாக்கல. வண்டியத்தான் பாத்தீங்க.

எனக்குன்னா இவரு யாரு, எதுக்கு நமக்கு எடம் ஒழிச்சுக் குடுக்கறாருன்னு. ஒண்ணும் ஓடல. கை காட்டுனீங்கன்னு ஓரமா ஒதுக்கி நிறுத்துனேன். எஞ்சின ஆஃப் பண்ண மறந்துட்டேன். உக்காந்துக்கிட்டே இருந்தேன். எங்க வீடு எங்க இருக்கு தெரியுமா? அந்தா, அந்த ரெண்டாவது திருப்பம். இங்கேருந்து கூப்பிட்டா காதுல விழுந்துடும். அவ்ளோ கிட்ட வந்துட்டு இங்க எதுக்கு நிக்கணும்? அப்ப அந்தப் பச்சை நம்பரு எறங்குது தம்பி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். எட்டு. அப்புறம் ஏழரை. வண்டி ஒரு அடி நகரல, நம்பரு எறங்கிக்கிட்டே இருக்கு. ஆறுல வந்து நின்னப்ப தெரு லைட் போட்டுட்டாங்க.

கணக்கு நேராயிடுச்சு. இத்தனை வருசமா உதைச்ச கணக்கு. நேரானா ஒரு நிம்மதி வரணும்ல, ஸ்டோர்ஸ்ல எல்லாம் வரும். ஒண்ணும் வரல. அழுகையும் வரல. மரத்துப் போன கால் மாதிரி இருக்கு, கிள்ளுனாலும் தெரியல.

அன்னிலேருந்து தெனமும் இங்கதான் நிக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவுதான், தெரியுது. வீட்டுக்குப் போலாம்தான். போனா அந்தக் கார் சீட்டுல உக்காந்து டிவி பாக்கணும். இன்னிக்கு எவ்ளோ குடுத்துச்சுன்னு கேக்க ஆளில்ல. கேக்க ஆளில்லன்னா அந்த நம்பர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்கி வந்து கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு, நல்லவேளை நீங்களே வந்துட்டீங்க. அவ இங்க என்ன தம்பி பண்ணுவா? யார்கிட்டயாவது போன் பேசுவாளா? அழுவாளா? இல்ல, நீங்க தாராளமா சொல்லலாம். எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

ஒண்ணுமே பண்ண மாட்டாளா.

சீட்ட சாய்ச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு. ம். ஆற அமர உக்காந்துட்டுப் போவாங்கன்னா சொல்றீங்க. ஆற அமர. ம். தூங்கவும் மாட்டாளா? சரி.

என்னது? தலகாணியா? உங்க கடையில வாங்குனாளா. வாங்கி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம உங்ககிட்டயே குடுத்து வெச்சிருந்தாளா. வந்த ஒடனே வாங்கிக்கிட்டு, போகும்போது திருப்பிக் குடுத்துட்டு. தெனமுமா? ஏன்னு நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னா? வண்டியில கனம் ஏத்தக் கூடாதுங்கன்னா.

சிரிச்சுக்கிட்டேவா சொன்னா.

சிரிச்சா அவளுக்குக் கன்னத்துல ஒரு பக்கம் மட்டும் குழி விழும். பாத்திருப்பீங்க. நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

ஆரன் சத்தம் உங்க லாரிதானே? இருங்க, இந்தா எடுத்துடறேன். பெரிய வண்டி, திருப்ப எடம் வேணும். நான் இன்னிக்கு அவளுக்குப் போன் பண்ணப் போறேன் தம்பி. ஆறு குடுத்துச்சுன்னு சொல்லப் போறேன். நான் ஓட்டியே ஆறுதான் குடுக்குதுன்னு. வேற ஒண்ணும் சொல்ல எனக்கு வராது. அவளுக்குப் புரிஞ்சாலும் புரியும்.

பாத்து எறங்குங்க, படி கொஞ்சம் உசரம். அப்புறம், அந்தத் தலகாணி இன்னும் கடையில இருக்கா? இருந்தா எடுத்துட்டு வந்து இந்த சீட்டுல போடுங்க. வண்டியிலயே கெடக்கட்டும். அதுல என்ன பெரிய கனம் இருக்கப் போகுது.