ஒரு பக்கம் மட்டும் அகலமான டிராக்டர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"பின்சக்கரத்த அகட்டி வெக்காம அந்த மினி டிராக்டர் மேல ஏறாதன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள் மனைவி.

போன வாரம் என் மகன் பைக்கில் சறுக்கி விழுந்தான். அதிலிருந்து சக்கரம் என்று யார் சொன்னாலும் என் காது அங்கே போய்விடுகிறது.

"வெச்சிட்டேம்மா. இனிமே சாயாது."

"நானும் பாத்தேன். ஒரு சக்கரம்தான் வெளிய தள்ளிக்கினு கீது."

"இன்னொரு பக்கம் நட்டு துருப்பிடிச்சு கழல மாட்டேங்குது. இன்னிக்கு காலேஜ் கிரவுண்டு மேட்டுல புல்லு வெட்டியாவணும். சார் வெயிட் பண்றாரு."

"அதே மேட்டுலதான வண்டி அன்னிக்கு சாஞ்சுது? எந்தப் பக்கம் சாஞ்சுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாத்தாத பக்கம்தான்."

"அப்புறம் இன்னாய்யா?"

"நீயும் வந்து எதிர்ப்பக்கம் உக்காரு. உன் வெயிட்டுக்கு அசையாது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். சேலையூர் ஸ்டாப் வந்ததும் எழுந்துகொண்டாள்.

"நான் வேலைக்குப் போறேன். டிராக்டர் சாவி என்கிட்ட கீது. அந்தச் சக்கரத்தையும் தள்ளிப் போட்டுட்டு வந்து வாங்கிக்கோ."

அவர் சட்டைப் பையையும் பேன்ட் பையையும் தடவிப் பார்ப்பதற்குள் அவள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். பஸ் கிளம்பியது. அவர் தலையை ஆட்டிச் சிரித்தபடி போனை எடுத்தார்.

"சார், மேட்டுப் புல்லு நாளைக்கு வெட்டிடலாம் சார். வண்டில ஒரு சக்கரம் பாக்கி கீது."